மாமன் புலம்பல்

தான் குடியிருக்கும் வீட்டுக்கே மணி அடித்து, கதவு திறந்ததும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே வருகிற மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். சாவி அவருடைய பாதிரியார் அங்கிப் பையிலேயே கிடக்கும்.

"சாவி இருக்கு, பிறகேன் சுவாமி மணி அடிக்கிறியள்?" என்று வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கேட்டேன்.

"நீங்கள் நிலம் துடைச்சுக்கொண்டு நிப்பியள். சொல்லாமல் வந்து நிண்டால் உங்களுக்கு அந்தரமாய் இருக்கும்" என்றார்.

நிலம் துடைக்கிறவளுக்கும் அந்தரம் வரும் என்று நினைத்த ஒரே ஆள் பலெர்மோவில் அவர்தான். நான் பிற்பகலில் வேலை செய்த வீட்டு சிஞோரா, ஈரத் தரையில் சப்பாத்தோடு நடந்துபோய் அடையாளம் வைத்துவிட்டு, "பிலோமினா, இங்கே விட்டுவிட்டாயே" என்பாள். இவரோ வேலைக்காரியான என்னை 'நீங்கள்' என்று கதைத்தார். கோயிலுக்குப் பொறுப்பான பெரிய சுவாமியே என்னை 'நீ' என்றுதான் கூப்பிடுவார். அதில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, ஊர் வழக்கம் அப்படி.

அவர் கதைத்தது இத்தாலியனில். என்னுடைய இத்தாலியன் பல்லரோச் சந்தையில் மீன்காரரிடம் பொறுக்கியது. ஆனாலும் அவர் சொன்னதெல்லாம் எங்கள் தீவுத் தமிழிலேயே என் மனதில் கிடக்கிறது, அதனால் அப்படியே எழுதுகிறேன். பெயரை மட்டும் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருடைய காது சிவந்துவிடும்.

அந்தக் காதைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும். நெடுத்த மனிதர், உயரத்தை மறைக்கப் பார்ப்பதுபோல் எப்போதும் கொஞ்சம் குனிந்தே நிற்பார். யாராவது அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னால் போதும், முதலில் இடது காது சிவக்கும், பிறகு வலது காது. எங்கள் பெண்கள் அதைப் பார்ப்பதற்காகவே வேண்டுமென்று புகழ்வார்கள். "இண்டைக்குப் பிரசங்கம் திறம் சுவாமி" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு காதைப் பார்ப்பார்கள். அவர் அவசரமாகக் கதையை மாற்றி, "உங்கட பெர்மெஸ்ஸோ புதுப்பிச்சாச்சோ?" என்று கேட்பார். வதிவிட அனுமதிப் பத்திரத்தைப் பற்றிக் கேட்டால் எங்கள் ஆட்களில் எவருக்கும் சிரிப்பு நின்றுவிடும் என்று அவருக்குத் தெரியும்.

அந்தப் பெர்மெஸ்ஸோவுக்காகக் கேட்டவர்களோடெல்லாம் குவெஸ்தூராவுக்கு, அதாவது அந்தப் பொலிஸ் கந்தோருக்கு, துணை போவார். ஆனால் போய் வரிசையின் கடைசியில் நிற்பார். எங்கள் ஆட்களுக்கு எரிச்சல் வரும். சுவாமியைக் கூட்டிக்கொண்டு போவதே வரிசையை வெட்டத்தானே! இவர் சுவாமி என்று காட்டிக்கொடுக்கும் கழுத்துப் பட்டியைத் தாடியால் மறைத்துக்கொண்டு வெயிலில் நிற்பார்.

அவர் குரோவாசியா நாட்டுக்காரர். இத்தாலிக்குக் கிழக்கே, கடலுக்கு அந்தப் பக்கத்து நாடு அது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அங்கேயும் சண்டை, எங்கள் நாட்டிலும் சண்டை. சந்தைக்குப் பின்னால் இருந்த எங்கள் கோயிலுக்கு உதவிச் சுவாமியாக அவர் வந்தபோது, ஞாயிறு பின்னேரத் தமிழ்ப் பூசையை அவர் தலையில் கட்டிவிட்டார்கள். தமிழ்ச் செபங்களை இத்தாலிய எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் மூச்சுப் பிடித்துத் தள்ளுவார். பிள்ளைகள் சிரிக்கும். அவரும் சிரிப்பார், ஆனால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு.

நான் சுவாமிமார் தங்கும் அறைவீட்டில் காலையில் சமைத்துத் துடைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்கு வருகிறவர்களுக்குத் தேத்தண்ணீர் வைக்க நேரத்தோடு போய்விடுவேன். அப்போதுதான் அந்த டெலிபோன் விஷயத்தைக் கண்டேன். குசினிக்கு வெளியே நடையில் சுவரோடு ஒரு டெலிபோன். பூசைக்குக் கொஞ்சம் முன்னர் வந்து நீளமான ஒரு இலக்கத்தைச் சுற்றுவார். அந்தப் பக்கம் யாரோ எடுப்பார்கள். இவர் தன் பாஷையில் 'நான்தான்' என்பார். உடனே அந்தப் பக்கம் வைத்துவிடுவார்கள். இவர் டெலிபோன் வயரைத் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, இரண்டு காதும் சிவக்கப் பூசைக்குப் போவார்.

ஒவ்வொரு ஞாயிறும் இதே கூத்து. "அது அவருடைய தங்கை" என்றார் பெரிய சுவாமி, நான் கேட்டதற்கு. "மூன்று நான்கு வருஷமாக ஒரு சொல் பேசவில்லை." ஏன் என்று அவர் சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை.

அவர் கவிஞர் என்ற செய்தியைக் கொண்டுவந்தவர் சூசையண்ணை. எங்கள் சங்கத் தலைவர், ஊரில் பள்ளிக்கூட வாத்தியார், பலெர்மோவில் ஒரு பழைய மாளிகைக்கு வாசல்காவல். அந்த மாளிகைக் கிழவி சிஞோராவின் புத்தக அலுமாரியைத் தூசி தட்டும்போது இத்தாலியனில் மொழிபெயர்த்த ஒரு சின்னக் கவிதைப் புத்தகம் அகப்பட்டிருக்கிறது. பின் அட்டையில் எங்கள் சுவாமி, கறுத்தத் தலைமயிரோடு. இந்தக் கவிதைகளால்தான் முந்திய ஆட்சி அவரை நாட்டுக்குள் விடவில்லை, அந்த நாட்டுப் பிள்ளைகள் இவற்றை ஒளித்து வைத்துப் பாடமாக்குகிறவர்கள் என்று சிஞோரா சொன்னாளாம்.

சூசையண்ணைக்குத் தலைகால் புரியவில்லை. "எங்கட சுவாமி சும்மா ஆள் இல்லை! தேசியக் கவிஞர்! நாங்கள் அந்த மனுசனைக் குவெஸ்தூரா வரிசையில நிப்பாட்டி வைச்சிருக்கிறம்!"

வெட்கமாகத்தான் போய்விட்டது எல்லாருக்கும். கவிஞர் ஒருவரைப் பொன்னாடை போர்த்தாமல் விடுவது தமிழருக்கு அழகில்லை. மாதா திருநாளன்று பூசை முடிய, மண்டபத்தில் சுவாமிக்குச் சொல்லாமலேயே பாராட்டு விழா என்று முடிவாயிற்று. பொன்னாடைக்கு எங்கே போவது? மொரீசியஸ் தமிழ் அம்மா ஒருவர், சரிகை போட்ட பட்டுச் சால்வை ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மாலையைச் சந்தைப் பூவில் நான் கட்டினேன். சூசையண்ணை வேலைக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் புத்தகத்தின் பேர்போன கவிதையைத் தமிழாக்கினார். அவருடைய மகள் அதைப் பாடமாக்கினாள்.

அன்று சுவாமி நடு நாற்காலியில், மாலையும் சால்வையுமாக, தப்பி ஓட வழி தெரியாமல் உட்கார்ந்திருந்தார். காது இரண்டும் செம்பரத்தம்பூ. பிள்ளை தமிழில் ஒரு கண்ணி சொல்லும், சூசையண்ணை அதை இத்தாலியனில் வாசிப்பார். முதல் இத்தாலிய வரியிலேயே சுவாமியின் காதில் இருந்த சிவப்பு இறங்கிவிட்டது. நான் தேத்தண்ணீர்த் தட்டோடு பக்கத்தில் நின்றேன், கண்டேன். பிள்ளை குரலை உயர்த்திக் கடைசிக் கண்ணியைச் சொன்னது:

மண் கூப்பிட்டால் விளக்கை ஏற்றாதே,
சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொள்,
அம்மாவை எழுப்பாதே. போ.

மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். சுவாமி இரண்டு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து, சால்வையைக் கழற்றி மடித்து, நாற்காலியில் வைத்து, அதன்மேல் மாலையையும் வைத்துவிட்டு, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டு வெளியே போய்விட்டார். சோறு பரிமாறக்கூட இல்லை. பிள்ளை தாளைக் கையில் பிடித்தபடி, தான் ஏதோ பிழையாகச் சொல்லிவிட்டதாக நினைத்து அழத் தொடங்கியது.

அவ்வளவு பேர் முன்னிலையில் சூசையண்ணையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவமானத்தைச் சனம் வழக்கம்போலக் கோபமாக மாற்றிக்கொண்டது. "பெருமை பிடிச்ச மனுசன். வெள்ளைக்காரன் வெள்ளைக்காரன்தான்" என்று சோற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டே திட்டினார்கள்.

எனக்கும் கோபம்தான், ஆனால் வேறு கோபம். நான் கை தட்டவில்லை. என் தம்பி ரெஜி, டியூசனுக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுச் சண்டைக்குப் போனவன். நான் அப்போது இங்கே வந்துவிட்டேன். அவன் இறந்த செய்தி அந்த வருஷம்தான் வந்தது. 'அம்மாவை எழுப்பாதே' என்று அந்தச் சின்னப் பிள்ளை வாயால் கேட்டபோது, இப்படி எழுதின கைக்கா நான் இவ்வளவு நாளும் சோறு போட்டேன் என்று இருந்தது.

மறுநாள் காலை கோப்பிக் கோப்பையை மேசையில் கொஞ்சம் பலமாகத்தான் வைத்தேன்.

"நேற்று நீங்கள் கை தட்டேல்லை" என்றார்.

"ஓம். என்ர தம்பியும் அப்பிடித்தான் போனவன்."

அவர் என்னைப் பார்க்காமல் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு சொன்னார். அவருடைய ஊர் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே தங்கைக்கு ஒரே மகன். சண்டை தொடங்கிய வருஷம், விடியப்புறம் விளக்குப் போடாமல், சப்பாத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, தாயை எழுப்பாமல் போனான். திரும்பி வரவில்லை. அடக்கத்தன்று தங்கை டெலிபோனில் இவரிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: "நீ சொல்லிக் குடுத்தபடியே செய்தவன்." அதன்பிறகு ஒரு சொல் இல்லை.

"எனக்கு அவள் மன்னிக்க வேணும் எண்டுகூட இல்லை, பிலோமினா. டெலிபோனை வைக்காமல் ஒரு சொல் கதைச்சால் காணும். ஏசினாலும் காணும். எனக்கு வேறை ஆக்கள் இல்லை."

நான் ஆறுதல் சொல்லவில்லை. இரக்கம் வந்தது, வந்த இரக்கத்தோடு கோபமும் போகாமல் கிடந்தது. பானையைக் கழுவினேன்.

அந்த வாரம் அவர் சூசையண்ணையின் வாசல்காவல் அறைக்குத் தானே நடந்து போயிருக்கிறார். போய் நின்று மன்னிப்புக் கேட்டுவிட்டு, "அந்தப் பாட்டைப் பிள்ளை மறந்துவிடட்டும்" என்றிருக்கிறார்.

"அதெப்பிடி சுவாமி, பிள்ளை பாடமாக்கிப் போட்டுது" என்று சூசையண்ணை சொல்ல, "அதுதான் பயமாய்க் கிடக்கு" என்றாராம். சூசையண்ணைக்கு விளங்கவில்லை. விறைப்பும் குறையவில்லை.

கொஞ்ச நாளில் கொழும்பிலிருந்து வந்த ஒருவர் கையில் ரெஜியின் கல்வெட்டு வந்து சேர்ந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் முப்பத்தொன்றாம் நாளில் கல்வெட்டு என்று ஒரு சின்னப் புத்தகம் அச்சடித்துக் கொடுப்பது வழக்கம். முன்பக்கத்தில் படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, உள்ளே பாட்டுக்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், சகோதரர் புலம்பல் என்று ஒவ்வொரு உறவின் வாயாலும் பாடுவதாக எழுதியிருக்கும். ரெஜியின் கல்வெட்டு, காலம் பிந்தித்தான் அம்மாவால் அடிக்க முடிந்தது. ஆத்துமப் பூசை ஒன்று கேட்கலாம் என்று அதை அறைவீட்டுக்குக் கொண்டுபோனேன்.

சுவாமி அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, இது என்ன, இது யார் சொல்வது என்று கேட்டார். அக்காள் புலம்பல் என்பது என் பேரில் இருந்தது. பாட்டுக்காரர் அம்மாவிடம் கேட்டு எழுதியது. அடிச்சட்டிச் சோற்றுக்கு என்னோடு சண்டை பிடிப்பாய், எனக்குத் தெரியாமல் என் குடையைக் கொண்டுபோய் உடைத்துவிட்டு மழையைக் குற்றம் சொல்வாய், இனி யாரடா என் குடையை உடைக்க என்று வரும். எனக்குத் தெரிந்த இத்தாலியனில் அதைச் சொன்னேன். குடைக்குச் சொல் வந்தது, அடிச்சட்டிச் சோற்றுக்குச் சொல் வராமல் சட்டியைச் சுரண்டிக் காட்டினேன்.

"இது கவிதையோ?" என்றார்.

"ஓம் சுவாமி. அச்சடிச்சு, வாற ஆக்கள் எல்லாருக்கும் குடுக்கிறது."

"ஒரு ஆளுக்காக மட்டுமோ?"

"ஒரு ஆள்தானே செத்தது."

அவர் விரலால் அந்தத் தமிழ் எழுத்துக்களைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, "மாமன் பாடுறதும் இருக்கோ?" என்று மெல்லக் கேட்டார்.

"தாய்மாமன் இல்லாமல் எங்களிட்டை ஒண்டும் நடக்காது. முதல் மொட்டை, காதுகுத்து, கலியாணம், சாவு, எல்லாத்துக்கும் அவர் நிக்க வேணும்."

"என்ர பாஷையிலையும் தாயின்ர சகோதரனுக்குத் தனிச் சொல் இருக்கு" என்றார். "உயாக் எண்டு சொல்லுவம். இந்த இத்தாலியனிலைதான் எல்லாரும் ஒண்டு."

"அப்ப எழுதுங்கோவன். நீங்கள் கவிஞர்தானே."

எங்கள் அப்பா இறந்தபோது கல்வெட்டுப் பாட்டுக்காரர் வந்து கேட்ட கேள்விகள் எனக்கு மறக்கவில்லை. பாக்கு வாயோடு சாய்மனைக் கதிரையில் இருந்துகொண்டு, அதட்டலாகத்தான் கேட்பார். அதே அதட்டலில் நானும் கேட்டேன்.

"பெடியனுக்கு வீட்டுப்பேர் என்ன?"

சுவாமி முழித்தார். "தெரியாது."

"விரும்பிச் சாப்பிடுறது?"

"தெரியாது."

"ஆரைப் பகிடி பண்ணுவான்? எப்பிடிப் படுப்பான்? வீட்டிலை என்னத்தை உடைச்சவன்?"

மருமகனுக்கு எட்டு வயதாக இருந்தபோது தங்கை ஒரு கசெட் அனுப்பியிருந்தாள். அதில் அவன் கவிதை சொல்கிறான், இவருடைய அதே கவிதையை. மருமகனைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். "என்ர பாட்டுச் சொன்னவன். அது மட்டும்தான் தெரியும்" என்றார். அப்போது அவருடைய காது சிவக்கவில்லை. முகம் முழுக்க வெளிறிப்போய்விட்டது. ஒரு மனிதர் வெட்கப்படுவதை அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதுவரை பார்த்ததெல்லாம் வெறும் கூச்சம்.

என் வாய் சும்மா இருக்காது. "ஞாயிறு கதைக்கேக்கை 'நான்தான்' எண்டு சொல்லாதேங்கோ. மன்னிப்பும் கேக்காதேங்கோ. பெடியனை வீட்டிலை என்னெண்டு கூப்பிடுறனி எண்டு கேளுங்கோ" என்றேன்.

அந்த ஞாயிறு நான் கேத்திலைக் கையில் பிடித்தபடி குசினி வாசலிலேயே நின்றேன். இலக்கத்தைச் சுற்றினார். எடுத்தார்கள். இவர் ஒரு கேள்வி கேட்டார். வைத்த சத்தம் கேட்கவில்லை. என் கையில் கேத்தில் ஆறிக்கொண்டிருந்தது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு சொல் வந்தது, எனக்கே கேட்டது. உடனே வைத்துவிட்டார்கள்.

சுவாமி என் பக்கம் திரும்பினார். "மிஷ்கோ" என்றார். "சுண்டெலி எண்டு அர்த்தம்."

அன்று பூசையில், இறந்தவர்களுக்காகச் செபிக்கும் இடத்தில், எங்கள் ஆட்களின் பெயர்களுக்கு நடுவே 'மிஷ்கோ' என்று ஒரு பெயரையும் சொன்னார். யாரோ தீவுப்பக்கத்து ஆள் என்று சனம் நினைத்துக்கொண்டது.

அதன்பிறகு ஞாயிற்றுக்கு ஒரு கேள்வி. சில ஞாயிறுகளில் பதில் வராது, டெலிபோன்தான் விழும். சில ஞாயிறுகளில் ஒரு வசனம் வரும். கசகசா வைத்துச் சுருட்டிய ரொட்டியில் உள்ளே இருக்கும் கசகசாவை மட்டும் தின்றுவிட்டு மாவை அப்படியே வைத்துவிடுவான். பிந்தி வீட்டுக்கு வரும்போது நாய் குரைக்காமல் இருக்க மெல்ல விசில் அடிப்பான். மீன் பிடிக்கப் போய் ஒருநாளும் மீன் கொண்டுவந்ததில்லை. சுவாமி ஒவ்வொன்றையும் வந்து என்னிடம் ஒப்புவிப்பார். "கசகசா, பிலோமினா! மாவை வைச்சிடுவானாம்!" என்று சிரிப்பார், சிரித்துக்கொண்டே போய் நடையில் நின்று கண்ணைத் துடைப்பார். என் கோபம் எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. முழுக்கப் போனதா என்றும் தெரியாது. நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

கடைசி விடியப்புறத்தைப் பற்றி மட்டும் கேட்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். அவர் கேட்கவுமில்லை. ஒரு ஞாயிறு, அவர் வேறு ஏதோ கேட்டதற்கு தங்கை நிறுத்தாமல் கதைத்தாள். சுவாமி சுவரில் சாய்ந்து, அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். நெடுத்த மனிதர் கால் இரண்டையும் நீட்டிக்கொண்டு, நான் துடைத்த தரையில் இருந்தார். பூசை மணி அடித்தும் எழும்பவில்லை. அவள் வைத்தபிறகுதான் சொன்னார்.

"நாய் குரைச்சதாம். அண்டைக்கு அவன் விசில் அடிக்க மறந்திட்டான். அவள் முழிச்சுத்தான் இருந்தவளாம். மீன் பிடிக்கப் போறான் எண்டு நினைச்சு, மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தவளாம்."

நான் கேத்திலைக் கீழே வைத்தேன்.

"இவ்வளவு வருசமும் என்னோட கோபம் எண்டு நினைச்சன், பிலோமினா. அவள் வெட்கத்திலை ஒளிச்சிருந்தவள். எழும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் எண்டு. நானும் அவளும் ஒரே வெட்கத்தை வைச்சுக்கொண்டு ஆளுக்கொரு பக்கத்திலை டெலிபோனைப் பிடிச்சிருந்திருக்கிறம்."

என் அம்மாவின் நினைப்பு வந்தது. ரெஜி டியூசனுக்கு என்று சைக்கிளை எடுத்தபோது அம்மா உண்மையிலேயே நம்பினாளா? அதை நான் அவளிடம் கேட்டதில்லை, கேட்க எனக்கு வெட்கம். அவள் கண்ணை மூடும்வரை கேட்கவில்லை.

தங்கை இவரை வரச் சொல்லியிருந்தாள். எழுதிக்கொண்டிருக்கும் மாமன் புலம்பலை மகனுடைய கல்லறையில் வந்து வாசிக்கட்டுமாம். ஆனால் ஒரு நிபந்தனை. அந்தக் கறுப்பு உடுப்பும் கழுத்துப் பட்டியும் இல்லாமல் வரவேண்டும். அந்தக் கோலத்தில் கண்டால் கவிஞர் வந்துவிட்டார் என்று ஊர் முழுக்கத் திரண்டு வந்து கை தட்டும்.

அவர் எழுதி முடித்ததைச் சந்தையடியில் எங்கள் பெடியன் ஒருவன் வைத்திருந்த பொட்டோக்கொப்பிக் கடையில் சின்னப் புத்தகமாக அடித்தோம். முன்பக்கத்தில் தங்கை அனுப்பிய மிஷ்கோவின் படம், இரண்டு பக்கமும் எங்கள் குத்துவிளக்கு. அவர் பாஷை எனக்குத் தெரியாது, அவர் இத்தாலியனில் சொல்லக் கேட்டு நான் விளங்கிக்கொண்டது இவ்வளவுதான்:

சுண்டெலியே,
கசகசாவைத் தின்று மாவை வைத்தவனே,
உன்னை எனக்குத் தெரியாது.
தெரியாமல்தான் சப்பாத்தைக் கையில் எடுக்கச் சொன்னேன்.
காலில் போடடா. சத்தம் போட்டு நட.
கதவை அடி, விளக்கைப் போடு, நாயைக் குரைக்க விடு.
உன் அம்மாவை எழுப்பு.

வெளிக்கிடும் நாள் காலை குசினி வாசலில் வந்து நின்றார். இரண்டு காதும் நெருப்பாய்ச் சிவந்திருந்தது. என்ன என்று கேட்டேன். இந்த வயதுவரை கறுப்பைத் தவிர வேறு சட்டை வாங்கியதில்லையாம். உங்கள் வீட்டுக்காரரின் சட்டை ஒன்று இரவலாகக் கிடைக்குமா என்று கேட்டார். என் கணவர் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் குசினி வேலை. அவரிடம் நல்லதென்று சொல்ல ஒரே ஒரு நீலக் கோடு போட்ட சட்டைதான் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். கீழிருந்து இரண்டாவது பொத்தான் இல்லை. தைக்கிறேன், தைக்கிறேன் என்று தள்ளிப் போட்டது. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே நின்றது. அவர் அதைப் போட்டுக்கொண்டு, பொத்தான் இல்லாத இடத்தை விரலால் பிடித்தபடி நின்றபோது எனக்கு நிலம் பிளக்காதா என்று இருந்தது. எவ்வளவு பெரிய காரியத்துக்குப் போகிற மனிதருக்கு என்ன சட்டையைக் கொடுத்தேன்!

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ சுவாமி" என்றேன். அந்தச் சொல்லை நான் அவருக்குச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஸ்டேஷனுக்குச் சூசையண்ணையும் வந்தார். அதற்குள் நான் அவரிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். கையில் அந்தப் பட்டுச் சால்வை, மடித்தபடி. "உங்கட தோளுக்கு வேண்டாம் சுவாமி. பெடியன்ர கல்லறைக்குப் போடுங்கோ" என்று நீட்டினார். சுவாமி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் திரும்பி வரவில்லை. தங்கை வீட்டுக்குக் கிட்ட ஒரு கோயிலுக்கு மாற்றம் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார் என்று பெரிய சுவாமி சொன்னார். கல்லறையில் என்ன நடந்தது, யார் யார் வந்தார்கள் என்று ஒரு செய்தியும் இல்லை.

மழைக்காலம் தொடங்க அறைவீட்டு விலாசத்துக்கு என் பெயரில் ஒரு பார்சல் வந்தது. எழுத்து அவருடையது இல்லை, உருண்டையான பெண் எழுத்து. உள்ளே அந்த நீலக் கோட்டுச் சட்டை. கழுவி, கஞ்சி போட்டு, கடையில் வாங்கியதுபோல் மடித்திருந்தது. கீழிருந்து இரண்டாவது இடத்தில் ஒரு பொத்தான். நிறம் ஒத்துப்போகவில்லை. சட்டை நீலம், பொத்தான் மண்ணிறம். புதுப் பொத்தானும் இல்லை. எந்தச் சட்டையிலோ ஒரு பெடியன் போட்டுக் கழற்றி, துளை நாலும் தேய்ந்திருந்தது. நூல் மட்டும் புதிது, பின்னால் பலமாக முடிச்சுப் போட்டிருந்தது.

குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். அடுத்த ஞாயிறு என் கணவர் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார்.

"இந்தத் தெறி ஒண்டு நிறம் மாறிக் கிடக்குது. கழட்டிப்போட்டு வேறை தைச்சு விடுமன்" என்றார்.

"தொடாதேங்கோ" என்றேன்.